ஓஎஸ் பிரபலமானால் மால்வேர் கூடுமா? உங்கள் ஆபத்தை நீங்களே எடைபோடும் வழி

விண்டோஸை எல்லோரும் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் வைரஸ் எல்லாம் அங்கே போகிறது, மேக்கோ லினக்ஸோ போட்டுவிட்டால் நிம்மதி என்பார் ஒருவர். அதெல்லாம் சும்மா, விண்டோஸின் கட்டமைப்பே ஓட்டை, ஆள் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்த வாக்குவாதம் ஓயமாட்டேன் என்கிறது. மூன்று தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்: எத்தனை பேர் உங்களைக் குறி வைக்கிறார்கள்? குறி வைத்தவர் உள்ளே நுழைவது எவ்வளவு எளிது? நுழைந்தபின் என்னென்ன சுருட்டலாம்? ஓஎஸ்ஸின் (விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின்) சந்தைப் பங்கு முதல் கேள்விக்கு மட்டும்தான் நேராகப் பதில் சொல்கிறது. மற்ற இரண்டிலும் உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தாக்குபவர் போடும் கணக்கு

மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், எழுதுவது பொழுதுபோக்காக இருந்த காலம் போய்விட்டது. இப்போது எழுதுபவர் ஒருவர், அதை வாடகைக்கு எடுத்துப் பரப்புபவர் இன்னொருவர், திருடிய பாஸ்வேர்டுகளை மொத்தமாக வாங்குபவர் மூன்றாமவர். தொழில் என்று ஆகிவிட்டால் வரவு செலவு பார்த்துத்தானே இறங்குவார்கள்.

உலக அளவில் கணினியில் இணையம் பார்க்கும் நூறு பேரில் ஏறத்தாழ 70 பேர் விண்டோஸ், 15 பேர் மேக், 4 பேர் லினக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள் (மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறி இறங்கும், மீதி குரோம்ஓஎஸ்ஸும் இன்னதென்று அடையாளம் தெரியாதவையும்). ஒரு லட்சம் பேருக்கு மெயிலில் போலி பில் ஒன்று போகிறது, நூற்றில் ஒருவர் அதைத் திறந்து ஓட்டியும் விடுகிறார் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். விண்டோஸுக்கு எழுதியிருந்தால் 700 கணினிகள் சிக்கும். மேக்குக்கு எழுதியிருந்தால் 150. லினக்ஸுக்கு 40, அந்த 40-ம் ஒரே மாதிரி இருக்காது, உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் என்று லினக்ஸில் பல ரகம் (டிஸ்ட்ரோ), பேக்கேஜ் முறையும் லைப்ரரி பதிப்பும் ஆளுக்கொரு விதம். அதே உழைப்புக்கு 700 கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டு 40-க்காக யார் மெனக்கெடுவார்கள்? சந்தைப் பங்கு வாதத்தின் பலம் முழுவதும் இவ்வளவுதான், இதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் கணக்கை இன்னும் ஒரு வரி நீட்டிப் பாருங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் 700 என்பது 70 ஆகிவிடும். மேக்கில் எழுதப்படும் மால்வேர் குறைவு, பயனரும் 'எனக்கெல்லாம் வைரஸ் வராது' என்று இருப்பவர், அங்கே பாதிதான் பிடிபடுகிறது என்றால் மிஞ்சுவது 75. இப்போது மேக்தான் லாபம்! எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவைதான், ஆனால் திசை சரி. பங்கு குறைவு என்ற தைரியத்தில் காவல் குறைந்தால், அந்தக் குறைந்த பங்கே தாக்குபவருக்குப் போதுமானதாகிவிடுகிறது. 2023-ல் அட்டாமிக் ஸ்டீலர் என்ற மேக் மால்வேரை டெலிகிராமில் மாதம் 1000 டாலர் வாடகைக்கு விட்டார்கள். வாடகை கொடுக்க ஆள் இருந்தார்கள் என்றால் வரவும் இருந்திருக்கிறது.

லினக்ஸுக்கும் ஒரு திருத்தம் தேவை. டெஸ்க்டாப்பில் 4 என்பது லினக்ஸின் உண்மையான அளவே இல்லை. இணையத்தின் சர்வர்களில் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது, 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர்கணினிகளும் லினக்ஸ்தான். தாக்குபவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. 2017 ஜூனில் தென்கொரியாவின் நயானா என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் 153 லினக்ஸ் சர்வர்களை எரெபஸ் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மால்வேர்) பூட்டிப்போட்டது, நிறுவனம் சுமார் 10 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு லேப்டாப்பைப் பூட்டி யாரிடமும் அந்தத் தொகையை வாங்க முடியாது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஒவ்வொன்றின் மதிப்பு அதிகமென்றால் கணக்கு மாறிவிடும்.

பங்கு வாதம் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது

நிற்கும் இடம் முதலில். வெளியுலகில் பரவிய முதல் கணினி வைரஸ்களில் ஒன்றான எல்க் குளோனர், 1982-ல், ஆப்பிள் II கணினிக்காக எழுதப்பட்டது. எழுதியவர் ரிச் ஸ்க்ரென்டா, அப்போது வயது 15. இன்றைக்கு ஆப்பிளுக்கு வைரஸ் வராது என்று பேசுபவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், ஆனால் அன்று மாணவர்கள் கையில் புழங்கியதும் ஃபிளாப்பி மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்ததும் அந்தக் கணினியில்தான். அதேபோல ஸ்மார்ட்போன் உலகில் சிம்பியன் கொடிகட்டிப் பறந்தபோது, 2004-ல், புளூடூத் வழியாகப் பரவும் கபிர் என்ற மால்வேர் அதற்குத்தான் வந்தது. சிம்பியன் சந்தையை விட்டுப் போனதும் அதன் மால்வேரும் கூடவே போய்விட்டது. குறி வைக்க ஆள் இல்லாமல் போனது அதற்குப் பெரிய காரணம்.

இப்போது சறுக்கும் இடம். 2001 ஜூலையில் கோட் ரெட் என்ற வார்ம் (யாரும் சொடுக்காமல் தானே பரவும் மால்வேர்) மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வெப் சர்வரைத் தாக்கி, சுமார் 14 மணி நேரத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. அப்போது வெப் சர்வர் சந்தையில் முதலிடத்தில் இருந்தது ஐஐஎஸ் அல்ல, அப்பாச்சி. பங்கு மட்டுமே விதி என்றால் அப்பாச்சிதான் விழுந்திருக்க வேண்டும். விண்டோஸ் 2000 சர்வரை நிறுவினால் ஐஐஎஸ்ஸும் கேட்காமலே நிறுவப்பட்டு ஓட ஆரம்பித்துவிடும், தன் கணினியில் ஒரு வெப் சர்வர் ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது, தெரியாததற்கு யார் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போடுவார்கள்?

2003-ல் பிளாஸ்டர், 2004-ல் சாசர் என்று நெட்டில் இணைத்த கொஞ்ச நேரத்திலேயே விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் விழுந்துகொண்டிருந்தன. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி மாற்றியது. விண்டோஸின் பங்கு அதனால் குறைந்துவிடவில்லை, ஆனால் அந்த வகை வார்ம்களுக்கு வேலை கடினமாகிவிட்டது. வார்ம்கள் அதோடு ஒழிந்துவிடவில்லை. 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் வந்தது, 2017 மே 12-ல் வான்னாக்ரை வந்தது. ஆனால் கான்ஃபிக்கர் நுழைந்த ஓட்டைக்கு அக்டோபரிலேயே பேட்ச் வெளியாகியிருந்தது, வான்னாக்ரைக்கு மார்ச்சிலேயே. ஆக, அந்த இரண்டு முறையும் விண்டோஸ் வைத்திருந்த எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. அப்டேட்டைத் தள்ளிப்போட்டவருக்கும் போட்டவருக்கும் இருந்த வித்தியாசம், விண்டோஸுக்கும் மேக்குக்கும் இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிது என்பது என் கணிப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் பங்கு தானே ஓர் ஆபத்தாகிறது. ஒரே ரகத்தை வயல் முழுக்க நட்டால் ஒரு நோய் போதும், எல்லாம் போய்விடும். எல்லோரிடமும் ஒரே மென்பொருள் இருந்தால் ஓர் ஓட்டை எல்லோருக்கும் பொது. அதனால்தான் அடுத்த வேலை முக்கியம்.

ஓஎஸ்ஸை மறந்துவிட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள்

நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஓஎஸ் பெயரைச் சொல்வீர்கள். அது பாதிப் பதில்தான். வெளியிலிருந்து ஏதாவது வந்து சேரும் ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு தாளில் எழுதுங்கள்: பிரவுசர், அதன் எக்ஸ்டென்ஷன்கள், மெயில், ஆவணம் திறக்கும் மென்பொருள், பிடிஎஃப் ரீடர், ஃபோன், ரூட்டர், கேமரா, நெட்டில் இணைத்த ஸ்டோரேஜ் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் குறியுங்கள்: உலகில் இதே மென்பொருள் நிறையப் பேரிடம் இருக்கிறதா, கடைசியாக இது எப்போது அப்டேட் ஆனது.

எழுதி முடித்தால் சில ஆச்சரியங்கள் வரும். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா நான்குக்கும் அடியில் இருப்பது குரோமியம் என்ற ஒரே எஞ்சின். லினக்ஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் ஒருவர் குரோமில் உட்கார்ந்திருந்தால், பிரவுசர் அளவில் அவர் உலகத்தின் மிகப் பெரிய கூட்டத்தில்தான் இருக்கிறார். கெட்ட எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சேர்த்தால் அது ஓஎஸ் எதுவென்று கேட்காது, எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதியை நீங்களே கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான் அதற்குத் தேவை. 1995-ல் வந்த கான்செப்ட் என்ற வேர்டு மேக்ரோ வைரஸ் (ஆவணத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு நிரல்) விண்டோஸிலும் மேக்கிலும் ஓடியது, ஏனென்றால் அது ஓடியது ஓஎஸ்ஸில் அல்ல, வேர்டில். 2012-ல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளைப் பிடித்த ஃபிளாஷ்பேக் நுழைந்தது ஜாவா வழியாக. அந்த ஓட்டைக்கு ஆரக்கிள் பிப்ரவரியிலேயே பேட்ச் கொடுத்துவிட்டது, மேக்குக்கான ஜாவாவை அப்போது ஆப்பிள் தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்ததால் மேக் பயனர்களுக்கு அது வந்து சேர ஏப்ரல் ஆகிவிட்டது. அந்த இடைவெளிதான் வாசல்.

ரூட்டரும் கேமராவும் இதைவிட மோசம். பெரும்பாலும் உள்ளே இருப்பது லினக்ஸ், ஆனால் யாரும் அதைக் கணினியாகவே நினைப்பதில்லை. 2016-ல் மிராய் எந்தப் பெரிய ஓட்டையையும் தேடவில்லை, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் சில டஜன் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கில் திறந்தன. அந்தப் படையை வைத்து அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை (தளத்தின் பெயருக்கு இணைய முகவரி சொல்லும் சேவை) தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் திறக்காமல் போயின. எனவே ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது, ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் பார்ப்பது, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைப்பது, இந்த மூன்றையும் இன்றே முடித்துவிடுங்கள்.

பட்டியலில் பயன்படுத்தாதது எது இருந்தாலும் நீக்குங்கள். அப்டேட் செய்வதைவிட அது சுலபம்.

எல்லா ஓஎஸ்ஸுக்கும் பொதுவான ஒரு வாசல்

இப்போது அதிகம் பரவும் தாக்குதல் ஒன்றுக்கு ஓட்டையே தேவையில்லை. ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள், 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கும் பெட்டி வருகிறது. பார்க்க வழக்கமான சரிபார்ப்பு போலவே இருக்கும். டிக் செய்தால் அடுத்து மூன்று படிகள்: விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கண்ட்ரோல் வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். அந்தப் பெட்டியை நீங்கள் டிக் செய்த கணத்திலேயே ஒரு கட்டளையைக் கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்துவிட்டார்கள். முதல் படி ரன் பெட்டியைத் திறக்கிறது, இரண்டாவது அதை ஒட்டுகிறது, மூன்றாவது ஓட்டுகிறது. கட்டளையின் கடைசியில் 'சரிபார்ப்பு எண்' என்று ஏதாவது எழுதியிருப்பார்கள், சின்னப் பெட்டியில் அந்த வால் மட்டும்தான் கண்ணில் படும். மேக்காக இருந்தால் அதே பக்கம் டெர்மினலைத் திறக்கச் சொல்லும். லினக்ஸாக இருந்தாலும் சொல்லலாம், அங்கே இணையத்தில் கிடைத்த கட்டளையை டெர்மினலில் ஒட்டுவது பழக்கமாகவே ஆகிவிட்டது என்பது இன்னும் வசதி. பிரவுசர் என்ன ஓஎஸ் என்று தளத்துக்குச் சொல்லிவிடுகிறது, அதற்கேற்ற கட்டளையைக் கொடுத்தால் வேலை முடிந்தது. பங்கு 70 ஆக இருந்தாலும் 4 ஆக இருந்தாலும் கூடுதல் செலவு கிட்டத்தட்ட எதுவுமில்லை.

விதி ஒன்றுதான்: வெப் பக்கம் ஒன்று உங்கள் கணினியில் எதையாவது ஒட்டி என்டர் தட்டச் சொன்னால் பக்கத்தை மூடுங்கள். நிஜமான சரிபார்ப்பு எதுவும் பிரவுசருக்கு வெளியே போகச் சொல்லாது.

அப்புறம் கிராக் செய்த மென்பொருள். நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும், நாமும் சரி என்று அணைப்போம். காவலாளியை அனுப்பிவிட்டு வாருங்கள் என்று யார் சொன்னாலும் சந்தேகப்படுகிற நாம், இதில் மட்டும் ஏனோ சந்தேகப்படுவதில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள்

அதிகம் பேர் குறி வைக்கும் இடம் என்பதால் செய்ய வேண்டியதும் கொஞ்சம் அதிகம். ஆனால் இவ்வளவு காலம் அடிவாங்கியதால் காவலும் இங்கேதான் பலமாக வளர்ந்திருக்கிறது, டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, அது போதும், தனியாகக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதைவிட இருப்பதை ஒழுங்காக ஓட விடுங்கள்.

முதல் வேலை, ஃபைல் எக்ஸ்டென்ஷனை (ஃபைல் பெயரின் கடைசியில் அது என்ன வகை என்று காட்டும் பகுதியை) கண்ணுக்குத் தெரியவைப்பது. விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கிறது. 'பில் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ' என்று பெயரிட்ட ஃபைல் உங்களுக்கு 'பில் டாட் பிடிஎஃப்' என்றுதான் தெரியும், ஐகானையும் பிடிஎஃப் மாதிரியே வைத்திருப்பார்கள். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்யுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது, தினசரி வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் புதிதாக ஓர் அட்மின் கணக்கு உருவாக்கி, அதற்கு வேறு பாஸ்வேர்டு வைத்து, அதில் ஒருமுறை உள்ளே நுழைந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தபின் உங்கள் பழைய கணக்கை ஸ்டாண்டர்டு ஆக்குங்கள். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள், அட்மினே இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். இனி ஏதாவது நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் எதையும் நிறுவாதபோது அந்தப் பெட்டி வந்தால் அதுவே எச்சரிக்கை மணி.

மூன்றாவது, விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் என்ற பகுதியில் கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று ஒன்று உண்டு. வழக்கமாக அணைந்தே இருக்கும். போட்டுவிட்டால் அறிமுகமில்லாத மென்பொருள் உங்கள் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. சில நல்ல மென்பொருளையும் தடுக்கும், அவற்றுக்கு ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்க வேண்டிவரும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டமும் 2026 அக்டோபர் வரைதான். பழையதாகி ஆள் குறைந்துவிட்டால் தாக்குபவர்களும் குறைவார்களே, சிம்பியன் மாதிரி, என்று தோன்றலாம். அப்படி ஆகாது. புதிய விண்டோஸுக்குப் பேட்ச் வரும்போது அதைப் பிரித்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும், அதே நிரல் வரிகள் பழைய பதிப்பிலும் இருந்தால் அங்கே அது என்றைக்கும் மூடப்படாமல் திறந்தே கிடக்கும்.

மேக், லினக்ஸ், ஃபோன்

மேக்கில் கேட்கீப்பர் (அடையாளம் தெரியாத மென்பொருளைத் தடுக்கும் காவல்) சொல்வதைக் கேளுங்கள். அடையாளம் தெரியாத மென்பொருளை ரைட் கிளிக் செய்து ஓபன் கொடுத்தால் தடையைத் தாண்டலாம் என்பது பழைய தந்திரம். மால்வேர் எழுதுபவர்கள் அதையே நிறுவும் வழிமுறையாகப் படம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024-ல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயா பதிப்பில் ஆப்பிள் அதை எடுத்துவிட்டது, இப்போது சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குப் போய்த்தான் அனுமதிக்க முடியும். அங்கே போகும் வரையுள்ள அந்த நேரத்தை யோசிக்கப் பயன்படுத்துங்கள். அட்டாமிக் போன்றவை திறந்த உடனே மேக் பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு பெட்டியைக் காட்டும், நிஜப் பெட்டி மாதிரியே இருக்கும். இப்போதுதான் டவுன்லோட் செய்த ஒன்று முதல்முறை திறந்ததுமே பாஸ்வேர்டு கேட்டால், கேன்சல் செய்து மூடிவிட்டு அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கூகுள் விளம்பரத்தைச் சொடுக்கி வந்ததாக இருந்தால் அதை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

லினக்ஸில் பெரிய பாதுகாப்பே, மென்பொருளைக் கண்ட இடத்தில் எடுக்காமல் டிஸ்ட்ரோவின் ரெபாசிட்டரியிலிருந்து (அதன் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து) எடுப்பதுதான். அதை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றுகிறீர்கள். 2025 ஜூலையில் ஆர்ச் பயனர்கள் பதிவேற்றும் ஏயூஆர் என்ற களஞ்சியத்தில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்த சில பேக்கேஜ்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மால்வேரை நிறுவின. ஏயூஆரிலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்றால் பில்ட் ஸ்கிரிப்டைத் திறந்து, சோர்ஸ் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று மட்டுமாவது பாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் டவுன்லோட் சுட்டியை மாற்றி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவை (ஓஎஸ்ஸை நிறுவும் ஃபைலை) வைத்துவிட்டார்கள். ஐஎஸ்ஓவின் செக்சம்மை (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்ணை) சரிபார்க்க வேண்டும், ஆனால் தளமே போனால் அதே பக்கத்தில் இருக்கும் செக்சம்மையும் மாற்றிவிடலாம் என்பதால் டிஜிட்டல் கையெழுத்தையும் சேர்த்துச் சரிபார்ப்பதுதான் முறை.

ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) கிடைக்காதவரை லினக்ஸில் எதுவும் ஆகாது என்பது பழைய ஆறுதல். சர்வருக்கு அது ஓரளவு பொருந்தலாம், உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தாது. லாகினை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கீக்கள், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகள், ஆவணங்கள், படங்கள் எல்லாமே உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கின்றன, நீங்கள் ஓட்டும் எந்த நிரலும் ரூட் இல்லாமலே அவற்றைப் படிக்கலாம். ரூட் கிடைத்தால் இன்னும் அதிகம் செய்யலாம், ஆனால் இவற்றைத் திருட அது தேவையே இல்லை. சர்வர் வைத்திருந்தால் எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டு நுழைவை மொத்தமாக அணைத்துவிட்டுச் சாவி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வைத்த புது சர்வரின் லாகை (யார் நுழைய முயன்றார்கள் என்ற பதிவேட்டை) திறந்து பாருங்கள், நீங்கள் யாருக்கும் முகவரி சொல்லியிருக்க மாட்டீர்கள், ஆனாலும் ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றி யாரோ தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஆண்ட்ராய்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பேட்ச் தேதி பல மாதம் பழசாக இருந்து, அப்டேட்டும் வராமல் நின்றுவிட்டது என்றால் அந்த ஃபோனில் பேங்க் வேலை வேண்டாம். அக்சசிபிலிட்டி பகுதியில் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள், நல்ல ஆப் போல வேடம் போட்டு பேங்க் பணத்தைத் திருடும் ட்ரோஜன்கள் முதலில் கேட்பது இதைத்தான், ஏனென்றால் இது கிடைத்தால் திரையைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாக அதுவே பொத்தானை அழுத்தலாம். டார்ச், பிடிஎஃப் ரீடர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

ஐஃபோனில் பொதுவான மால்வேர் அரிது, அப்டேட் போட்டால் போதும். ஆனால் பத்திரிகையாளர், வழக்கறிஞர், அரசியல் செயல்பாட்டாளர் என்றால் இதுவரை சொன்ன கூட்டக் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. 2016-ல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் வெளிச்சத்துக்கு வந்தபோதே தெரிந்த விஷயம் அது. அங்கே குறி ஓஎஸ் அல்ல, ஆள். நீங்கள் எதை வைத்திருக்கிறீர்களோ அதற்கு எழுதுவார்கள். 2022-ல் ஐஓஎஸ் 16-ல் வந்த லாக்டவுன் மோட் (சில வசதிகளை முடக்கிக் காவலைக் கூட்டும் முறை) அப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

ஓஎஸ் மாற்றினால் பலன் உண்டா?

உண்டு, ஒரு வகையில். விண்டோஸுக்கென்று எழுதிய எக்ஸ்இ ஃபைல் லினக்ஸில் ஓடாது (வைன் போட்டிருந்தால் ஓடக்கூடும், அதை மறந்துவிடுவோம்). வீட்டுப் பெரியவருக்குப் பிரவுசரும் மெயிலும் மட்டும் போதும், கண்டதையும் சொடுக்குவார் என்றால் குரோம்புக்கோ லினக்ஸோ கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் போலி பேங்க் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டினால் எந்த ஓஎஸ்ஸும் காப்பாற்றாது.

மிகச் சிறிய டிஸ்ட்ரோக்களில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. யாரும் குறி வைக்கமாட்டார்கள், சரி. ஆனால் ஓட்டை வந்தால் பேட்ச் போட எத்தனை பேர் இருக்கிறார்கள்? இரண்டு பேர் ஓய்வு நேரத்தில் பராமரிப்பதாக இருந்தால், பெரிய டிஸ்ட்ரோவில் ஒரே நாளில் வரும் பேட்ச் அங்கே வாரக்கணக்கில் ஆகலாம். மாறும் முன் அவர்களின் பாதுகாப்பு அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து, கடைசியாக ஊரெல்லாம் பேசிய ஓர் ஓட்டையை எடுத்துக்கொண்டு, டெபியன் அதற்கு எப்போது பேட்ச் கொடுத்தது, இவர்கள் எப்போது கொடுத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லை என்றால் அதுவே பதில்.

ஏற்கெனவே எதையாவது ஓட்டிவிட்டீர்கள் என்றால்

உடனே நெட்டைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டு மாற்றும் வேலையை அதே கணினியில் செய்யாதீர்கள், வேறு கருவியிலிருந்து முதலில் மெயில், அடுத்து பேங்க், பிறகு மற்றவை. பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் சில தளங்களில் திருடன் வெளியேறமாட்டான், அவன் எடுத்துப்போனது குக்கீயாக இருந்தால் ஓடிபி கேட்காமலே உள்ளே இருப்பான். எனவே ஒவ்வொரு தளத்திலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானைத் தேடி அழுத்துங்கள். கிரிப்டோ வாலட் இருந்தால் புதிய வாலட் உருவாக்கிப் பணத்தை அதற்கு மாற்ற வேண்டும், பழைய வாலட்டின் மீட்புச் சொற்கள் போனது போனதுதான். ஆன்டிவைரஸ் 'சுத்தம்' என்று சொன்னாலும் நம்பாமல், இன்னொரு கணினியில் தயாரித்த யுஎஸ்பியிலிருந்து ஓஎஸ்ஸைப் புதிதாக நிறுவுங்கள். பேக்கப்பிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் திரும்ப எடுங்கள், நிரல்களை அதனதன் அசல் தளத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.